தோற்றவர் எழுதிய வரலாறு

ஏழை சொல் அம்பலம் ஏறாது என்பது தமிழ் மக்களிடையே வழங்கும் பழமொழி. தேர்தலில் தோற்றவர் சொல்லும் பெரும்பாலும் அம்பலம் ஏறுவதில்லை. வென்றவருக்கு மாலையும் மேடையும் உண்டு. அவர் கூறுவதைக் குறித்துக்கொள்ளப் பத்திரிகையாளர் காத்து நிற்பர். தோற்றவரோ அன்றிரவே தனியராகி விடுகிறார். அவர் வாய் திறந்தால் ‘ஆற்றாமையால் பேசுகிறார்’ என்பர். வாய் மூடியிருந்தால் ‘குற்றத்தை ஒப்புக்கொண்டார்’ என்பர். ஆதலால் தேர்தல்களின் வரலாறு பெரும்பாலும் வென்றவர் பக்கத்திலிருந்தே எழுதப்படுகிறது. இந்த வழக்கத்துக்கு மாறாக, தோற்ற அபேட்சகர் ஒருவர் தம் தோல்வியின் வரலாற்றை, காயம் ஆறுமுன்பே எழுதி வெளியிட்டார். அந்நூல் தோன்றிப் பல தலைமுறைகள் கழிந்த பின்னரும் கற்றோர் அதனை எடுத்துப் படிக்கின்றனர். அவரைத் தோற்கடித்து வென்றவரின் பெயரோ, அம்மாநிலத்துக்கு வெளியே பலரும் அறியாததாகி விட்டது.

அந்த அபேட்சகர் அமெரிக்க எழுத்தாளர் அப்டன் சின்கிளேயர். தேர்தல், 1934 ஆம் ஆண்டு நவம்பர் மாதம் 6 ஆம் திகதி கலிபோர்னியா மாநிலத்தில் நடைபெற்ற கவர்னர் தேர்தல். நூலின் பெயரைத் தமிழிற் கூறுவதாயின், ‘நான், கவர்னர் பதவி அபேட்சகன், நான் அடிபட்டுத் தோற்ற விதம்’ எனலாம். 1935 ஆம் ஆண்டில் அது நூல் வடிவில் வெளிவந்தது.

ஈண்டுக் கவர்னர் என்னுஞ் சொல்லைச் சிறிது விளக்குதல் வேண்டும். பிரித்தானியர் ஆட்சிக் காலத்தில் இலங்கை மக்கள் அறிந்திருந்த கவர்னர், முடியரசால் அனுப்பப்பட்டவர். மக்களின் வாக்குக்கும் அவருக்கும் தொடர்பிருந்ததில்லை. அமெரிக்க ஐக்கிய நாட்டிலோ ஒவ்வொரு மாநிலத்தின் கவர்னரையும் அம்மாநில மக்களே நேராகத் தெரிவு செய்கின்றனர். மாநில நிருவாகத்தின் தலைமை அவருடையது. ஆகவே, கலிபோர்னியா போன்ற செல்வம் மிக்க மாநிலத்தின் கவர்னர் பதவியை ஓர் எழுத்தாளர் விரும்பி நின்றார் என்பது சிறிய செய்தியன்று.

சின்கிளேயர் 1878 ஆம் ஆண்டில் பால்டிமோர் நகரிற் பிறந்தவர். 1906 ஆம் ஆண்டில் அவர் வெளியிட்ட ‘காடு’ என்னும் நாவல் அவரை உலகறிய வைத்தது. சிக்காகோ நகரத்து இறைச்சித் தொழிற்சாலைகளில் உழைத்த குடியேறிகளின் துயரத்தை எடுத்துரைக்கவே அவர் அதனை எழுதினார். படித்தோரோ தொழிலாளியின் துயரத்திலும் பார்க்கத் தம் உணவிற் கலந்த அழுக்கையே எண்ணிப் பதறினர். அவ்வாண்டிலேயே இறைச்சிப் பரிசோதனைச் சட்டமும், தூய உணவு, மருந்துச் சட்டமும் நிறைவேறின. எழுத்தினாற் சட்டத்தை அசைக்கலாம் என்பதை அவர் கண்டார். எழுதியவன் கருதிய பொருளும் படித்தவன் கொண்ட பொருளும் வேறாகலாம் என்பதையும் அன்றே கண்டார். இந்த இரண்டாவது பாடம் இருபத்தெட்டு ஆண்டுகளின் பின் அவர் வாழ்விற் கடுமையாகத் திரும்பி வந்தது.

பின்னர் அவர் கலிபோர்னியாவிற் குடியேறினார். சமவுடைமைக் கட்சியின் சார்பில் 1926 ஆம் ஆண்டிலும் 1930 ஆம் ஆண்டிலும் கவர்னர் பதவிக்குப் போட்டியிட்டார். இரு தடவையும் கிடைத்த வாக்குகள் ஏறத்தாழ ஐம்பதினாயிரம் வீதமே. அவரை மதித்தவர் பலர்; அவர் வெல்வார் என்று நம்பியவர் இலர்.

1929 ஆம் ஆண்டின் பொருளாதார வீழ்ச்சி இந்நிலையை மாற்றியது. 1933 ஆம் ஆண்டளவிற் கலிபோர்னியாவிற் பல இலட்சம் மக்கள் வேலையின்றித் தவித்தனர். தொழிற்சாலைகள் பூட்டிக் கிடந்தன. அவற்றின் வாயிலில் வேலை அறிந்த கைகள் சும்மா நின்றன. விலை வீழ்ந்தமையாற் பழங்கள் தோட்டங்களிலேயே அழுகின. நகரங்களிற் பிள்ளைகள் பசித்திருந்தனர். பண்டமும் உண்டு, பசித்தவனும் உண்டு, இரண்டையும் இணைக்கும் வழிதான் இல்லை என்பதே அக்காலத்தின் துயரம்.

சின்கிளேயர் கூறிய பரிகாரம் எளிதில் விளங்கக்கூடியது. சும்மா கிடக்கும் நிலத்தையும் தொழிற்சாலையையும் அரசு எடுத்து, வேலையற்றோர் கையில் ஒப்படைத்தல் வேண்டும். அவர்கள் இலாபத்துக்காக அன்றித் தம் உபயோகத்துக்காகவே உற்பத்தி செய்து, தமக்குள்ளே பண்டமாற்றுச் செய்துகொள்ளல் வேண்டும். அறுபது வயது கடந்த வறியோருக்கு மாதம் 50 டொலர் உபகாரச் சம்பளம் வழங்கல் வேண்டும். விற்பனை வரியை நீக்கி, வருமானத்துக்கு ஏற்ப உயரும் வரி விதித்தல் வேண்டும். ‘கலிபோர்னியாவில் வறுமையை ஒழிப்போம்’ என்பதே இயக்கத்தின் பெயர். அதன் ஆங்கில முதலெழுத்துக்களைச் சேர்த்தால் ‘எப்பிக்’ என்றாகும். காப்பியம் என்பது அச்சொல்லின் பொருள். தேனீ அதன் சின்னமாயிற்று.

இத்திட்டத்தில் ஓட்டைகள் இல்லாமலில்லை. இத்துணை நிலத்தையும் ஆலையையும் எடுக்க முதல் எங்கிருந்து வரும்? வேலையற்றோர் தமக்குள் வழங்கும் சீட்டை வெளியிலுள்ள கடைக்காரன் ஏற்பானா? நண்பர்களே இவ்வினாக்களை எழுப்பினர். சின்கிளேயரும் பின்னர்த் தம் திட்டத்தைச் சில இடங்களிற் தளர்த்தி எழுதவேண்டியதாயிற்று.

1933 ஆம் ஆண்டு செப்டெம்பர் மாதத்தில் அவர் சமவுடைமைக் கட்சியை விட்டுச் சனநாயகக் கட்சியிற் பதிந்துகொண்டார். பழைய தோழர்கள் அவரைத் துரோகி என்றனர். மனைவியார் மேரி கிரேக் அவர் மீண்டும் தேர்தலில் இறங்குவதை விரும்பவில்லை. ஆயினும் அவர் இறங்கினார்; இறங்கியதும் எந்த அபேட்சகரும் செய்யாத செயலொன்றைச் செய்தார். ‘நான், கலிபோர்னியாவின் கவர்னர், நான் வறுமையை ஒழித்த விதம்’ என்றொரு சிறு நூலை எழுதினார். எதிர்காலத்தில் நின்று பின்னோக்கிப் பார்க்கும் கற்பனை வரலாறு அது. தாம் போட்டியிட்டது, வென்றது, சட்டம் இயற்றியது, வறுமையை ஒழித்தது, பணி முடிந்தபின் மீண்டும் நாவல் எழுத வீடு திரும்பியது ஆகிய யாவற்றையும், நடந்து முடிந்தவை போலவே அதில் விவரித்தார். அறுபத்து நான்கு பக்கங்கொண்ட அச்சிறு நூல் இலட்சத்துக்கு மேற்பட்ட பிரதிகள் விலைபோயிற்று. பெரிய பணக்காரர் துணையில்லாத இயக்கத்துக்கு அதன் விற்பனைப் பணமே ஒரு மூலதனமாயிற்று. நகரங்களிலும் கிராமங்களிலும் நூற்றுக்கணக்கான சங்கங்கள் தோன்றின. முன்னர் அரசியற் கூட்டமொன்றையும் எட்டிப் பாராத மக்கள், சமையலறை மேசைகளைச் சுற்றியிருந்து துண்டுப் பிரசுரங்களை மடித்தனர்.

1934 ஆம் ஆண்டு ஓகஸ்ட் 28 ஆம் திகதி சனநாயகக் கட்சியின் முதனிலைத் தேர்தல் நடைபெற்றது. கட்சியின் சார்பில் யார் நிற்பது என்பதைக் கட்சியினரே வாக்களித்துத் தீர்மானிக்கும் தேர்தல் அது. சின்கிளேயர் 436,000 க்கு மேற்பட்ட வாக்குகள் பெற்றார். எதிர்த்து நின்ற ஏனைய எல்லோரும் பெற்ற வாக்குகளைக் கூட்டினும் அத்தொகைக்கு எட்டவில்லை. அவர்களுள் முதல்வர், முதலாம் உலகப் போரின்போது அமெரிக்க அரசின் பிரசாரக் குழுவுக்குத் தலைமை தாங்கிய ஜோர்ஜ் கிரீல். பிரசாரத்தையே தொழிலாகக் கொண்டிருந்த அவரை நாவலாசிரியர் வென்றார். ஒரே இரவில், கற்பனை நூலின் முதற் பாதி உண்மையாகி விட்டது போலத் தோன்றியது.

குடியரசுக் கட்சியின் அபேட்சகர் பிராங்க் மெரியம். துணைக் கவர்னராக இருந்த அவர், கவர்னர் றொல்ப் 1934 ஆம் ஆண்டு யூன் மாதத்தில் இறந்தமையால் அப்பதவிக்கு உயர்ந்தவர். மக்களைக் கவரும் ஆற்றல் அவரிடம் மிகுதியாக இருந்ததில்லை. அவருக்காகப் பணியாற்றியோர் இதனை நன்கு உணர்ந்தனர். ஆகவே, மெரியம் நல்லவர் என்று மக்களை நம்பவைக்க அவர்கள் அதிகம் முயலவில்லை. சின்கிளேயர் ஆபத்தானவர் என்று நம்பவைப்பதிலேயே முழு மூச்சாக இறங்கினர். அடுத்த பத்து வாரங்களில் நிகழ்ந்ததே சின்கிளேயர் எழுதிய இரண்டாவது நூலின் பொருள்.

முதலாவது கருவி அவருடைய எழுத்தே. நாற்பதுக்கு மேற்பட்ட நூல்களை எழுதியிருந்த ஒருவரை வீழ்த்த வேறு ஆயுதம் எதற்கு? கிளெம் விட்டேக்கர், லியோன் பாக்ஸ்டர் என்னும் இருவர் கூலிக்குத் தேர்தல் வேலை செய்யும் தாபனமொன்றை 1933 ஆம் ஆண்டில் நிறுவியிருந்தனர். அவ்வகையில் அமெரிக்காவில் அதுவே முதலாவது எனப்படுகிறது. அவ்விருவரும் சின்கிளேயரின் நூல்களை ஓர் அறையிற் குவித்து, மூன்று நாட்கள் வெளிவராது தங்கி, வேண்டிய வரிகளைப் பொறுக்கியெடுத்தனர். ‘லொஸ் ஏஞ்செல்ஸ் ரைம்ஸ்’ பத்திரிகை அத்தகைய வரிகளை நாள்தோறும் முதற் பக்கத்தில் கட்டமிட்டு வெளியிட்டது. 1911 ஆம் ஆண்டில் எழுதிய நாவலொன்றில், மணவாழ்விற் கசப்புற்ற ஒரு கதாபாத்திரம் திருமணத்தைப் பழித்துப் பேசுகிறது. அப்பேச்சு, கவர்னர் பதவியை நாடுபவரின் சொந்தக் கொள்கையாக அச்சேறியது. நாடகத்தில் இராவணன் பேசும் வசனத்தை எடுத்து, நாடகம் எழுதியவன் சீதையைச் சிறையெடுக்கச் சொன்னான் என்று வழக்குத் தொடுப்பதற்கு இது ஒப்பாகும். சொல் அவருடையதே, எழுத்து அவருடையதே, பொருள் மட்டும் அவருடையதன்று. பொய்யைச் சான்றுகொண்டு மறுக்கலாம். இடம் பெயர்த்து வைக்கப்பட்ட உண்மையை மறுப்பதற்கு முழு நாவலையும் வாசித்துக் காட்டவேண்டும். அதற்கு எந்த வாக்காளனுக்குப் பொழுதுண்டு?

இரண்டாவது கருவியை அவரே எதிரிகள் கையிற் கொடுத்தார். செப்டெம்பர் மாதத்தில் பத்திரிகையாளர் அவரைச் சூழ்ந்து, அவர் வென்றால் பிற மாநிலத்து வேலையற்றோர் கலிபோர்னியாவுக்கு விரைந்து வரமாட்டார்களா என்று வினவினர். தாம் வென்றால் நாட்டின் வேலையற்றோரிற் பாதிப்பேர் இங்கு வருவர் என்று, சமஷ்டி அரசின் நிவாரணத் தலைவர் ஹரி ஹொப்கின்ஸிடம் சொல்லியிருப்பதாக அவர் சிரித்துக்கொண்டே விடையளித்தார். மறுநாட் பத்திரிகையிற் சொற்கள் இருந்தன, சிரிப்பு இல்லை. அச்சொற்கள் வீதியோரப் பெரும் பலகைகளில் ஏறின. ஏற்கெனவே வேலைக்கு ஏங்கி நின்ற கலிபோர்னியர், தம் வாயிலிற் பெரும்படையொன்று வந்து நிற்பது போல அஞ்சினர்.

மூன்றாவது கருவி சினிமா. ஹொலிவூட் முதலாளிகள் சின்கிளேயர் விதிக்க நினைத்த வரிக்கு அஞ்சினர். அவர் வென்றால் தம் தொழிலைப் புளோரிடாவுக்குக் கொண்டு போவோம் என்று அச்சுறுத்தினர். எம்.ஜி.எம். நிறுவனத்தில், மெரியமின் தேர்தல் நிதிக்கென ஊழியரிடம் ஒருநாட் சம்பளம் அறவிடப்பட்டது. அந்நிறுவனத்தைச் சேர்ந்த இர்விங் தல்பெர்க் தயாரிப்பித்த செய்திப் படங்கள் தியேட்டர்களிற் காட்டப்பட்டன. நுண்ணொலிக் கருவி பிடித்த ஒருவர் வீதியிற் செல்வோரை வினவுவார். நன்கு உடுத்த, பண்பாகப் பேசுவோர் மெரியமுக்கு வாக்களிப்பதாகக் கூறுவர். கந்தல் உடுத்தோரும் அந்நிய உச்சரிப்பினரும் சின்கிளேயரின் பெயரைக் கூறுவர். இன்னொரு படத்தில் ஊர்சுற்றிகள் கூட்டங்கூட்டமாகப் புகையிரதத்திற் கலிபோர்னியாவுக்கு வந்துகொண்டிருப்பர். பத்திரிகையில் வெளிவந்த அத்தகைய நிழற்படமொன்று, 1933 ஆம் ஆண்டின் கதைப்படமொன்றிலிருந்து எடுத்த காட்சியேயாகும். படத்தில் இருந்தோர் வேலையற்றோர் அல்லர். வேலை கிடைத்த நடிகர்கள்.

வானொலியும் சும்மா இருக்கவில்லை. சின்கிளேயர் தம் பேச்சை மக்களிடம் கொண்டு செல்லப் பெரிதும் நம்பியது வானொலியைத்தான். பத்திரிகைகள் மூடிய கதவை அது திறந்து வைத்தது. எதிர்த் தரப்பினரோ விளம்பரத் தாபனமொன்றை அமர்த்தி, குடும்பக் கதை போன்ற தொடர் நாடகங்களை ஒலிபரப்பினர். அவற்றில் அரசியற் சொற்பொழிவு இல்லை. சாதாரணக் குடும்பத்தார் தம் வீட்டிலிருந்து, சின்கிளேயர் வந்தால் நம் கதி என்னாகும் என்று கவலையோடு பேசிக்கொள்வர். கேட்போர் அதனைப் பிரசாரம் என்று எண்ணாது, அயல் வீட்டார் பேச்சென்றே கேட்டனர்.

இவற்றோடு வாக்காளர் இடாப்பும் தாக்குதலுக்கு உள்ளாயிற்று. லொஸ் ஏஞ்செல்ஸ் பகுதியிற் பல்லாயிரம் வாக்காளரின் பெயரை நீக்குவதற்கு எடுத்த முயற்சியை மாநிலத்தின் அதியுயர் நீதிமன்றம் தடுத்தது. எனினும் வாக்களிக்கச் சென்றால் வழக்கில் அகப்படலாம் என்ற அச்சத்தை வறிய மக்களிடம் ஊட்டுவதற்கு அம்முயற்சியே போதியதாயிற்று.

எதிரிகள் செய்தவை இவை. நண்பர்கள் செய்யாதன பற்றிய பகுதியே நூலில் மேலும் துயரமானது. செப்டெம்பர் 4 ஆம் திகதி சின்கிளேயர், ஜனாதிபதி ரூஸ்வெல்ட்டை ஹைட் பார்க்கிலுள்ள அவர் இல்லத்திற் சந்தித்தார். ஜனாதிபதி இனிமையாகப் பேசினார், கதைகள் சொன்னார், பொறுமையாகக் கேட்டார். உபயோகத்துக்கான உற்பத்தி என்னுங் கொள்கையை ஆதரித்து ஒக்டோபர் மாதத்தில் அவர் வானொலியிற் பேசுவார் என்ற நம்பிக்கையோடு சின்கிளேயர் வெளியேறினார். ஒக்டோபர் வந்தது, ஜனாதிபதியின் குரலும் வந்தது, எதிர்பார்த்த சொல் மட்டும் வரவில்லை. முதனிலைத் தேர்தலில் தோற்ற பின் ஆதரவு நல்கிய கிரீலும் ஒக்டோபர் மாதத்தில் அதனை விலக்கிக்கொண்டார். இன்முகத்தோடு கேட்டவரெல்லாம் இசைந்தவர் ஆகார் என்பதை நாவலாசிரியர் காலந் தாழ்த்திக் கற்றார்.

நவம்பர் 6 ஆம் திகதி எண்ணிய வாக்குகளின் விவரம் வருமாறு: மெரியம் 1,138,620; சின்கிளேயர் 879,537; மூன்றாவதாக நின்ற ரேமண்ட் ஹெய்ட் 302,519. சின்கிளேயர் பெற்றது, அதுவரை அம்மாநிலத்திற் கவர்னர் பதவிக்கு நின்ற சனநாயகக் கட்சியினர் எவரும் பெறாத தொகை. ஆயினும் தோல்வி தோல்வியே.

அடுத்த சில நாட்களுக்குள் அவர் எழுதத் தொடங்கினார். தோல்வியின் கதை தொடராகப் பல பத்திரிகைகளில் வெளிவந்தது. தேர்தற் காலத்தில் அவர் பேச்சை அச்சிட மறுத்த நாட்டில், தோற்ற பின் அவர் கதையை அச்சிடத் தயங்காத பத்திரிகைகள் இருந்தன என்பது விந்தை. வெற்றி பெற்றால் ஆபத்தானவர், தோற்றதும் சுவையான கதைசொல்லி ஆகிவிட்டார்.

இத்தகைய நூலை எவ்வாறு படித்தல் வேண்டும்? தோற்றவர் கூற்றாதலால் முற்றாகத் தள்ளுவதும், துன்புற்றவர் கூற்றாதலால் முற்றாக நம்புவதும் ஒருங்கே தவறாகும். நீதிமன்றத்திற் சாட்சியைச் சோதிப்பது போல இங்கும் மூன்று வினாக்களை எழுப்பலாம். சாட்சி தன் குறையையும் கூறுகிறானா? அவன் கூறியதைப் பிற சான்றுகள் உறுதிப்படுத்துகின்றனவா? அவன் காண விரும்பாதது எது?

முதல் வினாவுக்குச் சின்கிளேயர் தேறுகிறார். வேலையற்றோர் பற்றிய வார்த்தையைத் தாம் சொல்லவில்லை என்று அவர் மறுக்கவில்லை. சொன்னதையும் சொன்ன சூழலையும் எடுத்துரைக்கிறார். தம் மனைவியாரின் அச்சத்தை மறைக்கவில்லை. அரசியலில் இறங்கிய ஓர் எழுத்தாளனுக்கு நேர்ந்ததை, தன்னையே சற்றுத் தள்ளி நின்று பார்க்கும் நகைச்சுவையோடு கூறுகிறார். கசப்பு உண்டு, ஆயினும் கசப்பு மட்டுமே எழுதியிருந்தால் அந்நூல் ஒரு மாதத்துக்கு மேல் வாழ்ந்திராது.

இரண்டாவது வினாவுக்கும் காலம் சாதகமாகவே விடையளித்துள்ளது. அவர் குற்றஞ்சாட்டிய செய்திப் படங்கள் பிற்காலத்தில் ஆராய்ச்சியாளர் கண்ணிற் பட்டன. விட்டேக்கர், பாக்ஸ்டர் தாபனத்தின் செயல்களும் வெளியாயின. அவர்கள் பின்னர் அத்தொழிலிற் பெரும்புகழ் ஈட்டினர். தேர்தலுக்கு முன்பே ரூஸ்வெல்ட்டின் நிருவாகத்தைச் சேர்ந்த அலுவலர் ஒருவர் மெரியமைச் சந்தித்து இணக்கங் கண்ட செய்தியும் வெளிவந்தது. தோற்றவர் மிகைப்படுத்துகிறார் என்று கருதியோர், அவர் அறிந்தது நடந்ததில் ஒரு பகுதியே என்பதைப் பின்னர்க் கண்டனர். 1994 ஆம் ஆண்டில் கலிபோர்னியாப் பல்கலைக்கழகப் பதிப்பகம் அந்நூலை மீண்டும் வெளியிட்டது.

மூன்றாவது வினாவே கடினமானது. சூழ்ச்சியாலேயே தோற்றேன் என்ற எண்ணம் தோற்றவருக்கு ஆறுதல் தருவது. ஆனால் கணக்கு வேறொன்றையும் சொல்கிறது. மெரியமுக்கும் சின்கிளேயருக்கும் இடையிலிருந்த வேறுபாடு 259,083 வாக்குகள். ஹெய்ட் பெற்றதோ அதனினும் அதிகம். மெரியமையும் விரும்பாது, சின்கிளேயரையும் நம்பாது, மூன்றாமவரை நாடியோர் மூன்று இலட்சம் பேர். இவர்கள் எல்லோரும் சினிமாவைக் கண்டு மயங்கியவர்கள் என்று கூறுதல் பொருந்தாது. சிறு வீடும் சிறு சேமிப்பும் உடையோர், நடந்து பாராத ஒரு திட்டத்துக்குத் தம் வாழ்வைப் பணயம் வைக்கத் தயங்கினர். அத்தயக்கம் முழுதும் பொய்யால் விளைந்ததன்று; திட்டத்தின் ஓட்டைகளும் அதற்குக் காரணம். பொய் செய்தது யாதெனின், நியாயமான ஐயத்தை நியாயமற்ற அச்சமாக மாற்றியமையே. ஐயம் கொண்டவன் கேள்வி கேட்பான். விடை கிடைத்தால் மனம் மாறவும் கூடும். அச்சங்கொண்டவன் கேள்வி கேட்பதில்லை, கதவை அடைத்துக்கொள்கிறான். கலிபோர்னிய மக்கள் சின்கிளேயரின் திட்டத்தை ஆராய்ந்து நிராகரித்திருந்தால் அது மக்களாட்சியின் தீர்ப்பு. ஆராயும் வாய்ப்பையே அவர்களிடமிருந்து பறித்ததே அத்தேர்தலின் குற்றம். அக்குற்றத்தால் இழந்தவர் சின்கிளேயர் ஒருவரல்லர். மெரியமுக்கு வாக்களித்தவரும் இழந்தனர்.

தேர்தலின் பின் நடந்தவை இதற்கு ஒரு பின்னுரை போல அமைந்தன. எப்பிக் இயக்கத்தின் ஆதரவோடு நின்றோரில் இருபதுக்கு மேற்பட்டோர் 1934 ஆம் ஆண்டிலேயே மாநிலச் சட்டசபை புகுந்தனர். 1935 ஆம் ஆண்டில் கலிபோர்னியாவில் வருமான வரி விதிக்கப்பட்டது. விதித்தவர் கவர்னர் மெரியம். 1938 ஆம் ஆண்டில் எப்பிக் இயக்கத்தில் வளர்ந்த கல்பேர்ட் ஓல்சன், மெரியமைத் தோற்கடித்துக் கவர்னரானார். சின்கிளேயர் மீண்டும் தம் எழுத்து மேசைக்குத் திரும்பினார். 1943 ஆம் ஆண்டில் நாவலொன்றுக்காகப் புலிட்சர் பரிசு பெற்றார். 1968 ஆம் ஆண்டில், தொண்ணூறு வயதில் மறைந்தார். பணி முடித்து நாவல் எழுத வீடு திரும்புவதாகக் கற்பனை நூலிற் கூறிய முடிவு மட்டும், எவ்வாறோ, பலித்துவிட்டது.

அவருடைய இரு சிறு நூல்களையும் அருகருகே வைத்துப் படித்தல் நன்று. முதலாவதில் ஒரு மனிதன், நடக்க வேண்டியதை நடந்ததாக எழுதினான். அதில் மக்கள் உண்மையைக் கேட்டதும் ஏற்றுக்கொள்கின்றனர். இரண்டாவதில் அதே மனிதன், நடந்ததை நடந்தவாறு எழுதினான். அதில் உண்மை மக்களின் செவியை அடைவதற்கே வழியின்றித் தவிக்கிறது. முதலாவது நூல் வாக்குக் கேட்பதற்காக எழுதப்பட்டது. தேர்தலோடு அதன் வேலை முடிந்தது. இரண்டாவது நூல் எவரிடமும் வாக்குக் கேட்கவில்லை. வாக்குச் சீட்டைக் கையில் எடுக்கும் ஒவ்வொருவரையும் நோக்கி, தன் உள்ளத்திலுள்ள அச்சம் தான் ஆராய்ந்து கண்டதா, அன்றிப் பிறர் கொண்டுவந்து வைத்துவிட்டுப் போனதா என்று அது கேட்டுக்கொண்டே இருக்கிறது.